பள்ளி திறக்குமுன் பேச வேண்டிய பேச்சு

ஆண்டிறுதி விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்களில் காப்பாரிலோ மேருவிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பள்ளிச் சீருடை விற்கும் ஒரு கடையின் வாசலில் சற்று நேரம் நின்று கவனிப்பவர்களுக்கு, நம் ஜனங்கள் கல்வியின்மீது வைத்திருக்கும் மதிப்பைப் பற்றி யாதொரு சந்தேகமும் எழ நியாயமில்லை. தொழிற்சாலையில் இரவு வேலையை முடித்துவிட்டு உறக்கமில்லாத கண்களோடு வந்திருக்கும் தகப்பனார், மகனுடைய தோளின்மீது வெள்ளைச் சட்டையை வைத்து அளந்து பார்த்து, அடுத்த வருஷமும் உதவும்படி ஓர் அளவு பெரியதாகவே எடுத்துக் கொடுக்கச் சொல்லுகிறார். தாயார் நீலப் பினாஃபோரின் கீழ்மடிப்பைத் திருப்பி, பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடுவதற்குத் தையலுக்குள் எவ்வளவு துணி ஒளிந்திருக்கிறது என்று ஆராய்கிறார். பிள்ளைக்கோ சக்கரம் வைத்த பையைத் தவிர வேறெதிலும் கண் இல்லை. 2018-ஆம் ஆண்டில் அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் பள்ளிக் காலணியின் நிறத்தை வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற்றுவதாக அறிவித்தபோது, நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க அமைச்சருக்குக் காலணிதான் அகப்பட்டதா என்று பலர் பரிகாசம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் வெள்ளைக் கேன்வஸ் காலணியைத் தேய்த்துக் கழுவிச் சாயம் பூசிக் காய வைத்த தாய்மார் மட்டும் அந்தப் பரிகாசத்தில் கலந்துகொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

செலவைப் பொறுத்தமட்டில் நிலைமை முன்னைவிடக் கொஞ்சம் இலகுவாயிருக்கிறது. பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் குடும்ப வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. 2012-இல் பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. பள்ளித் தொடக்க உதவித் தொகையாகிய 150 ரிங்கிட்டும் 2023 முதல் ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி வழங்கப்படலாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தின் பின்விளைவாக 2022-இல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போன கல்வியாண்டு, 2025-இல் பிப்ரவரிக்கு நகர்ந்து, 2026-இல் ஜனவரி 12-ஆம் தேதி சிலாங்கூர் பள்ளிகளுக்குப் பழையபடி புத்தாண்டோடும் பொங்கலோடும் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது. தீபாவளிச் செலவின் களைப்பு ஆறுவதற்குள் பள்ளிச் செலவு வாசலில் வந்து நிற்பது குடும்பத் தலைவர்களுக்குச் சங்கடந்தான் என்றாலும், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவர்களும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ஆகவே துணிமணி, காலணி, பை, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைப் பற்றி யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அந்தத் தயாரிப்பை நம்மவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

செய்யப்படாமல் கிடக்கிற தயாரிப்பு வேறொன்று. ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஏழு வயதுக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்து வகுப்பறை வாசலில் விட்டுவிட்டு வருகிற தாய்க்கும், அந்தக் கையை வாங்கிக்கொள்ளுகிற ஆசிரியைக்கும், அந்தக் கணத்துக்கு முன்னால் ஒரு கால்மணி நேரமாவது நிதானமான சம்பாஷணை நடந்திருக்க வேண்டும், அது நடப்பதில்லை. இருவரும் அந்தக் குழந்தைக்காக ஆறு வருஷம் சேர்ந்து பாடுபட வேண்டியவர்கள். ஆயினும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத நிலையிலேயே அந்தப் பிரயாணம் ஆரம்பமாகிறது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், கோலாலம்பூரிலிருந்தோ புத்ராஜெயாவிலிருந்தோ உத்தரவும் வேண்டாம் என்பதனால்தானோ என்னவோ, இதைப்பற்றி மேடைகளில் எவரும் பேசக் காணோம்.

இந்தக் குறை எப்படி வந்தது என்பதை அறியத் தோட்டக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். காப்பார் வட்டாரத்துக்காரர்களுக்கு வலம்புரோசாத் தோட்டத்தின் பெயர் புதிதல்ல. அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது. ஆனால் அந்தத் தோட்டத்தின் பெயர் நூறு வருஷத்துக்கு மேலாக உலகெங்கும் கணக்காயர்களும் வரி வழக்கறிஞர்களும் படிக்கிற புத்தகங்களில் இடம்பெற்றிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோமோ தெரியாது. 1910-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் வலம்புரோசா ரப்பர் கம்பெனிக்கும் வருமான வரி அதிகாரிக்கும் ஒரு விவகாரம் நடந்தது. ரப்பர் மரம் நட்டு ஏறக்குறைய ஆறு வருஷம் சென்ற பிறகே பால் தரும்; விவகாரத்துக்குரிய கணக்கு வருஷத்தில் தோட்டத்தின் ஏழில் ஒரு பங்கு மட்டுமே பால் வெட்டும் பருவத்தில் இருந்தபடியால், களை பிடுங்குவதற்கும் மேற்பார்வைக்கும் செய்த செலவில் ஏழில் ஒரு பங்கைத்தான் கழிக்க அனுமதிப்போம் என்றார் வரி அதிகாரி. இளம் மரத்தைப் பாதுகாக்க வருஷந்தோறும் செய்கிற செலவும் தொழிலின் முறையான செலவுதான், பால் இன்றைக்கு வரவில்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது என்று நீதிபதிகள் கம்பெனியின் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு நியாயமானது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பால் தராத மரத்தைச் சுற்றிக் களை எடுப்பதற்கு ஆறு வருஷம் தயங்காமல் செலவு செய்து, அந்தச் செலவின் நியாயத்தை நீதிமன்றம் வரை சென்று நிலைநாட்டிய தோட்ட முதலாளித்துவம், அந்தக் களையை எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அதே ஆறு வருஷத்தில் என்ன செய்தது என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படியான பதில் இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்த பிறகே பல தோட்டங்களில் பள்ளி என்ற ஒன்று தலைகாட்டியது. அதுவும் பெரும்பாலும் லயத்தின் ஓர் அறையாகவோ கொட்டகையாகவோ இருந்தது. கிராணி ஒருவரோ எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி ஒருவரோ உபாத்தியாயராக வேஷம் தரித்துக்கொண்டார். பிரட்டுக்குப் போய்த் தாய் தகப்பனோடு பால்மரக் காட்டில் கோப்பை எடுத்துவிட்டு வந்த பிள்ளை, களைத்துப்போய் அங்கே உட்கார்ந்து அரிச்சுவடி எழுதியது.

இந்த அவலத்தைச் சகித்துக்கொண்டு எல்லாரும் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில், ஆர். எச். நாதனும் அவருடைய சகாக்களும் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆதரவோடு, இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டிய அவமானம் ஒழிய வேண்டும், பெண்களின் மானத்துக்குப் பங்கம் நேரக்கூடாது என்ற கோரிக்கைகளோடு சேர்த்து, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதையும் அவர்கள் வைத்தார்கள். மே மாதத்தில் நாதனைக் கைது செய்தார்கள், சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது, துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தார்கள், பிற்பாடு நாதன் நாடு கடத்தப்பட்டார். சம்பள உயர்வையும் சைக்கிளையும் பற்றிய பாகங்களை நம் சரித்திரப் பேச்சாளர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லுகிறார்கள். பள்ளிக்கூடம் கேட்ட பாகத்தையும் சேர்த்துச் சொல்லுவது நல்லது. இன்று கடைவாசலில் சட்டை அளந்து பார்க்கிற தகப்பனாருடைய சிரத்தை, தோட்டத்து லயங்களில் வேரோடியிருந்த பழைய சிரத்தைதான்.

தோட்டப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறபோது இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எவ்வளவு ஏழ்மையான பள்ளியானாலும், அங்கே வாத்தியாரும் பெற்றோரும் ஒருவருக்கொருவர் அந்நியரல்லர். தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்த வாத்தியாருக்கு எந்தப் பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் தகப்பன் கள்ளுக்கடையிலேயே கிடக்கிறான், எந்தப் பிள்ளையைப் பாட்டி வளர்க்கிறாள், எந்தப் பிள்ளைக்கு மழைக்காலத்தில் இழுப்பு வரும் என்பதெல்லாம் ஒருவரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. கோயில் திருவிழாவிலும் கலியாணத்திலும் இழவு வீட்டிலும் பெற்றோரைச் சந்தித்துக்கொண்டேயிருந்தபடியால், பள்ளி திறக்கிற நாள் என்று ஒன்று தனியாக வந்து அவர்களை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இதைச் சொல்லும்போது அந்தக் காலமே பொற்காலம் என்று பெருமூச்சு விடுகிறவர்களின் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். குடும்பத்தை நன்கறிந்த அதே வாத்தியார், இவன் தகப்பனும் பால் வெட்டினான், இவனும் பால் வெட்டத்தான் போகிறான் என்று முதல் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதி முடித்துவிடுவதும் உண்டு. தெரிந்திருப்பது கருணையாகவும் ஆகலாம், கொடுமையாகவும் ஆகலாம். ஆனால் தெரியாமலே இருப்பது ஒருபோதும் கருணையாக ஆவதில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய்த் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. பெயரில் மட்டும் தோட்டத்தை வைத்துக்கொண்டு, தோட்டம் இல்லாத தோட்டப் பள்ளிகளாக எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் கிள்ளான் வட்டாரத்தில் நிற்கின்றன. வீடுகளும் நாலாபக்கமும் சிதறிப்போயின. ஒரே வகுப்பில் உட்காருகிற முப்பது பிள்ளைகள் பத்துத் தாமான்களிலிருந்து வேனில் வருகிறார்கள். விடியுமுன்னே எழுந்து, கனரக லாரிகள் ஓயாமல் ஓடுகிற காப்பார் சாலையைக் கடந்து, பல வாசல்களில் நின்று நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற வேன்காரருக்குத் தெரிந்த அளவுக்குக்கூட அந்தக் குடும்பங்களைப் பற்றிப் பள்ளிக்குத் தெரியாமற்போவது இக்காலத்து விபரீதம். ஆசிரியையோ பேராக்கிலோ கெடாவிலோ பிறந்து வளர்ந்து, பயிற்சிக் கழகத்திலிருந்து நியமன உத்தரவோடு வந்து, ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இடமாற்ற விண்ணப்பத்தின் பதிலுக்குக் காத்திருப்பவராக இருக்கக்கூடும். அவருக்கு இந்த ஊரே அந்நியம். தகப்பனார் துறைமுகத்தில், தாயார் தொழிற்சாலையில், இருவருக்கும் மாறி மாறி வேலை நேரம். ஆசிரியரையும் பெற்றோரையும் இணைப்பதற்கு எஞ்சியிருப்பது வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். அதில் இரவு பத்து மணிக்கு, நாளைக்கு வண்ணக் காகிதம் கொண்டு வரவும் என்ற செய்தி வருகிறது, முப்பது பேர் கைகூப்பிய சித்திரத்தைப் பதிலாக அனுப்புகிறார்கள். அதைச் சம்பாஷணை என்று நான் கருதவில்லை.

ஆறாம் ஆண்டின் இறுதியில் ஒரு பரீட்சை இருந்த காலத்திலாவது, அதன் பயமுறுத்தலினால் பெற்றோர் பள்ளியை எட்டிப்பார்க்க நேர்ந்தது. 2021-இல் அந்த யுபிஎஸ்ஆர் பரீட்சை நீக்கப்பட்டது. மறு வருஷமே மூன்றாம் படிவத்துப் பரீட்சையும் போயிற்று. சின்னஞ்சிறு பிள்ளைகளின் நெஞ்சில் ஏற்றியிருந்த அந்தப் பாரத்தை இறக்கியது சரியான காரியம் என்றே நான் கருதுகிறேன். எனினும் அதற்குப் பதிலாக வந்த வகுப்பறை மதிப்பீட்டின் அறிக்கையை வாங்கிப் பார்க்கிற ஒரு தாய்க்கு அது என்ன சொல்லுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். தமிழில் அடைவுநிலை 3, மலாயில் 2, கணிதத்தில் 4 என்று ஒன்று முதல் ஆறு வரைக்கும் உள்ள எண்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. நூற்றுக்கு நாற்பது என்றால் மகன் தேறவில்லை என்று புரிந்துகொண்ட தாய்க்கு, ஆறில் இரண்டு என்றால் மகனுக்கு ஒரு பத்தியைச் சரளமாக வாசிக்க வருமா வராதா என்பது புரிவதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் ஆசிரியர் ஒருவரே. அவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது மலாய் போதாது என்று புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்காரவேண்டி வருகிற பிள்ளையின் குறை ஆறாம் ஆண்டில் திடீரென்று முளைத்ததன்று. அது இரண்டாம் ஆண்டிலேயே ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும், வீட்டுக்குத்தான் தெரிந்திராது.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளி திறப்பதற்கு முன்பே அழைத்து அறிமுக நாள் நடத்துகிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிப்பட்ட நாள் எப்படி நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். மண்டபத்தில் நாற்காலி போட்டு எல்லாரையும் உட்கார வைத்துத் தலைமையாசிரியர் உரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உரை, மேலாளர் வாரியத்தின் சார்பில் ஒரு வாழ்த்துரை ஆகியவை முடிவதற்குள் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுகின்றன. பின்பு வரிசையில் நின்று சங்கத்தின் நன்கொடையைச் செலுத்தி, உடற்பயிற்சிச் சட்டையும் பெயர்ப்பட்டியும் வாங்கி, பாடநூலுக்குக் கையெழுத்திட்டு, பாரங்களைப் பூர்த்தி செய்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். இந்தக் காரியங்கள் எல்லாம் வேண்டியவையே. ஆனால் அத்தனை ஆரவாரத்துக்கு நடுவில் வகுப்பாசிரியை ஒரு தாயைப் பார்த்து உங்கள் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்க ஒரு நிமிஷ அவகாசமும் கிடைப்பதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டமோ பள்ளி திறந்து வாரங்களோ மாதங்களோ சென்ற பிறகு நடக்கிறது; அதில் கணக்கு வழக்கும் பதவித் தேர்தலும் விழுங்கியது போக மிஞ்சுகிற நேரம் சிற்றுண்டிச்சாலையைப் பற்றிய புகாருக்குப் போய்விடுகிறது.

ஆசிரியர்மீது குற்றம் சுமத்துவதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் உத்தியோக காலத்தில் எத்தனை முறை தம்மைப் புதிதாகத் தயாரித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் நமக்கே ஆயாசம் உண்டாகும். 1983-இல் புதிய தொடக்கப் பள்ளிக் கலைத்திட்டம் வந்தது. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்க வேண்டும் என்றார்கள். அதுவரை தமிழில் பின்னமும் தசமமும் சொல்லிக் கொடுத்துப் பழகியவர்கள் இரவோடு இரவாக ஆங்கிலக் கலைச்சொற்களை மனனம் செய்தார்கள். 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிடத் தீர்மானித்தார்கள். மறுபடியும் தமிழ்ச் சொற்களைத் தேட வேண்டியதாயிற்று. 2011-இல் வேறொரு கலைத்திட்டம், 2017-இல் அதன் சீராய்வு, 2027-இல் முதலாம் ஆண்டில் தொடங்குவதாகக் கல்வி அமைச்சு அறிவித்திருக்கும் இன்னொன்று. இவற்றுக்கிடையே பெருந்தொற்றுக் காலத்தில், கைப்பேசித் திரையில் தெரிந்த பாதி முகங்களுக்குப் பாடம் நடத்தவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். வருகைப் பதிவு, மதிப்பீட்டுப் பதிவு, பாடநூல் கணக்கு, போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தல் என்று கணினியில் நிரப்பவேண்டிய கட்டங்களோ வருஷத்துக்கு வருஷம் வளருகின்றன. ஆசிரியரின் தயாரிப்பெல்லாம் மேலே இருக்கிற அதிகாரிகளை நோக்கியதாகவே இருக்கும்படி நிர்வாகம் அமைந்துவிட்டது. எதிரே உட்காருகிற பிள்ளையை நோக்கித் தயாரிப்பதற்கு நிர்வாகத்தின் அட்டவணையில் கட்டம் இல்லை.

ஆகவே என் யோசனை மிகவும் எளியது. பள்ளி திறப்பதற்கு முன் ஆசிரியர்கள் கூட்டங்களுக்காகப் பள்ளிக்கு வருவது வழக்கத்தில் இருப்பதுதான். அந்த நாட்களில் ஒன்றையும் அதையடுத்த சனிக்கிழமையையும் பேச்சுக்கும் நன்கொடைக்கும் இடமில்லாத சந்திப்பு நாட்களாக ஒதுக்கிவிட வேண்டும். முதலாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களை, ஒரு குடும்பத்துக்குக் கால்மணி நேரம் என்று நேரம் குறித்து, வகுப்பாசிரியர் வகுப்பறையிலேயே சந்திக்க வேண்டும். முதலாம் ஆண்டைச் சொன்னதன் காரணம் வெளிப்படை. நான்காம் ஆண்டைச் சொன்னதற்குக் காரணம், தொடக்கப் பள்ளியின் இரண்டாம் கட்டம் அங்கே ஆரம்பமாவதும், வாசிக்க வராத பிள்ளை அதற்கு மேல் எல்லாப் பாடத்திலும் சேர்ந்தாற்போல் பின்தங்கிப் போவதும் ஆகும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இதற்கு ஏழரை மணி நேரம் பிடிக்கும். வருஷம் முழுவதற்குமாக ஏழரை மணி நேரத்தை அதிகம் என்று சொல்லுகிறவர்கள், விளையாட்டுப் போட்டித் தினத்தின் அணிவகுப்புக்கு எத்தனை மணி நேரம் ஒத்திகை நடக்கிறது என்பதை ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும்.

அந்தக் கால்மணி நேரத்தில் என்ன பேசுவது? சிலவற்றைப் பெற்றோர்தான் சொல்ல முடியும். வீட்டில் பிள்ளையோடு யார் இருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்தால் சாப்பாடு போடுவது தாயா, பாட்டியா, பக்கத்து வீட்டு அக்காவா. வீட்டுப் பேச்சு தமிழா, ஆங்கிலம் கலந்ததா. எதைக் கண்டால் பயம். இரவில் எப்போது உறங்குகிறான். தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருகிறானா. இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமாக எண்ண வேண்டாம். பலகையில் எழுதியது தெரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்து மந்தமான பிள்ளை என்ற பட்டத்தை வாங்கிக்கொண்ட குழந்தைகள் எல்லாத் தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். ஒரு மூக்குக்கண்ணாடியால் தீர்ந்திருக்க வேண்டிய வியாதி அது. தாயும் தகப்பனும் பிரிந்து வாழ்கிற குடும்பங்களும், தகப்பன் சிறையில் இருக்கிற குடும்பங்களும், பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாதபடியால் பதிவுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருக்கிற குடும்பங்களும் நம்மிடையே உண்டு. மண்டபத்தில் நூறு பேருக்கு நடுவில் ஒலிபெருக்கியின் முன்னால் எவரும் இவற்றைச் சொல்லமாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு இருவர் பேசும்போதே சொல்லக்கூடும். சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளுவதும், ஆசிரியர் அறையில் வேடிக்கைப் பேச்சாக்காமல் காப்பாற்றுவதும் ஆசிரிய தர்மம். அந்த நம்பிக்கைக்கு ஒரு முறை பங்கம் நேர்ந்துவிட்டால் மறு வருஷம் எந்தத் தாயும் வாய் திறக்கமாட்டார்.

ஆசிரியர் சொல்லவேண்டியதும் இல்லாமற் போகவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை பள்ளிக்குப் பழகுவதற்கென்றே தொடக்க வாரங்களைக் கலைத்திட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த வாரங்களில் நோட்டுப் புத்தகம் வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம், எழுத்துக் கூட்டுவதற்குமுன் வரிசையில் நிற்கவும் கழிப்பறைக்குப் போகத் தைரியமாகக் கேட்கவும் கற்றுக்கொள்ளட்டும் என்று முதல் நாளுக்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டால், ஜனவரி மாதக் கடைசியில் எழுகிற புகார்களில் பாதி எழாமலே போகும். பாலர் பள்ளியை முடித்த பிள்ளையை விடுமுறை முழுவதும் டியூஷன் வகுப்பில் அடைத்து, முதலாம் ஆண்டுப் பாடத்தை டிசம்பரிலேயே முடித்துக் கூட்டி வருகிற பெற்றோர் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். அவர்களுடைய ஆசையை நான் பழிக்கவில்லை, ஆனால் அந்தப் பிள்ளை பள்ளி திறந்த முதல் மாதமே வகுப்பில் சலிப்படைந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, இரவில் இருபது நிமிஷம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் ஒன்றைத் தமிழில் உரக்க வாசித்தால் அதைவிட அதிகப் பிரயோஜனம் உண்டு. வாசிக்கத் தெரியாத பாட்டியானால் கதை சொல்லட்டும், அதுவும் பாடந்தான்.

நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் தொகை இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது எண்பதாயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை 150-க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்டவை. இந்தக் குறைவைப் பற்றி வருஷந்தோறும் டிசம்பர் மாதத்தில் அறிக்கைகள் வெளியாகின்றன. தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்ற கோஷமும் கூடவே எழுகிறது. கோஷத்தைக் கேட்டு எந்தத் தாயும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாக நான் அறியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி, நம்ம பிள்ளையைப் பற்றி டீச்சருக்கு எல்லாம் தெரியும் அக்கா, போன வாரந்தான் உட்கார வைத்துப் பேசினாங்க என்று வேலி ஓரமாக நின்று சொல்லுகிற ஒரு வார்த்தை, நூறு பதாகைகளின் வேலையைச் செய்துவிடும். சிறிய பள்ளிக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு: முதலாம் ஆண்டில் எட்டுப் பிள்ளைகளே சேர்ந்திருக்கிற பள்ளியில் எட்டுக் குடும்பங்களையும் ஒரே காலையில் சந்தித்துவிடலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் உள்ள பெரிய பள்ளிகளுக்கு இது எளிதன்று. அவற்றிற்குத் திட்டமும் கூடுதல் நாட்களும் வேண்டியிருக்கும்.

இதற்கு இடையூறு எங்கிருந்து வரும் என்பதை யோசித்தால், ஆசிரியரின் மனமின்மையைவிடப் பெற்றோரின் வேலை நேரமே பெரிய இடையூறாக இருக்கும் என்று தோன்றுகிறது. தினக்கூலிக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமையும் வேலைநாள். இரண்டு மணி நேரம் தாமதித்தால் அன்றைய கூலியில் கை வைப்பார்கள். அழைத்தும் வராத பெற்றோரை அக்கறையற்றவர்கள் என்று குறிப்பெழுதி மூடிவிடாமல், மாலை ஏழு மணிக்கு ஒரு சில நேரங்களை அவர்களுக்காகப் பிரத்தியேகமாக வைத்திருக்கத் தலைமையாசிரியர்கள் மனம் வைக்க வேண்டும். தகப்பனார் வர முடியாவிட்டால் தாத்தா வரட்டும். யாரும் வர இயலாத வீட்டுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒருவரை அழைத்துக்கொண்டு ஆசிரியர் ஒரு முறை போய்வருவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. முதல் வருஷத்தில் எல்லாக் குடும்பங்களும் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேராசை. பாதிப்பேர் வந்தால் அதுவே நல்ல ஆரம்பம்.

காப்பாரிலும் மேருவிலும் கிள்ளான் துறைமுகத்திலும் தொழிற்சாலை வைத்து நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களிடம் வேலை செய்கிற தாய் தகப்பன்மார், பள்ளி திறப்பதற்கு முந்திய வாரத்தில் வகுப்பாசிரியரைப் பார்த்து வருவதற்கு, சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடுப்புக் கொடுங்கள். இந்த வருஷமே கொடுங்கள்.